காட்டுக்கோழிக்குப் பக்கத்தில் ஒரு முள்ளெலி

கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் அந்தப் போன் வந்தது. பேசியவர் பொன்முடிப் பக்கத்து வனத்துறை அதிகாரி, மலையாளி. அவருடைய மகள் என்னிடம் ஓவியம் படித்தவளாம். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், சுற்றுலா வருகிறவர்கள் இறங்கி நின்று காற்று வாங்கும் திருப்பத்தில், ஒரு சின்னத் தகவல் அறை கட்டியிருக்கிறார்கள். அதற்குள் மாட்ட இரண்டு பெரிய படங்கள் வேண்டும்.

"ஒண்ணு காட்டுக்கோழி. மற்றது முள்ளெலி. கோழியை எல்லாருக்கும் அறியாம். முள்ளெலியை ஆருக்கும் அறிஞ்சூடா, ஒருத்தருக்கும் தெரியாது. அது குறைஞ்சு குறைஞ்சு வருது டீச்சரே. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சா ஆளுங்க நின்னு பார்ப்பாங்க, அல்லே?"

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. தாமரை, தேசியக்கொடி, செம்பருத்தியின் பாகங்கள் என்றுதான் என் கை பழகியிருந்தது. எட்டடிப் பலகையில் என்னை எதையும் வரையச் சொன்னவர் யாருமில்லை. அவர் முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் சிக்கல் கோழி. கரமனை அக்ரஹாரத்துக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, கோழியோடு எனக்கு ஒரு பரிச்சயமும் இல்லை. சேவலின் கால் எந்த இடத்தில் மடங்கும் என்று கேட்டால் விழித்திருப்பேன். இணையத்தில் காட்டுக்கோழிப் படங்கள் நிறைய இருந்தன. ஆனாலும் உயிரோடு ஒன்றைப் பார்க்காமல் வரையக் கை வரவில்லை. ஆற்றங்கரையில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம் நாட்டுச்சேவல் ஒன்றை வளர்த்தது. நோட்டும் பென்சிலுமாகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தார்.

"டீச்சரம்மா, வாங்குறதா இருந்தா சொல்லுங்க. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா அது வெக்கப்படுதுல்ல."

வீட்டில் மாடிக் கூடத்தில் பலகையைச் சாய்த்து வைத்து வண்ணம் தீட்டினேன். என் கணவரின் அண்ணன் மனைவி, நான் மன்னி என்று கூப்பிடுகிறவர், அடுத்த வாசலில் இருக்கிறார். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிலும் அபிப்பிராயம் உண்டு. முதல் நாள் மாடிக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நம்மாத்துக்குள்ள முட்டைகூட வந்ததில்லை. நீ முழுக்கோழியைக் கொண்டு வந்து நிறுத்திட்டியேடி!"

சொன்னவர்தான் மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் காபி டம்ளரோடு வந்து நின்று குறை சொன்னார். கால் குடைக்கம்பி மாதிரி இருக்கிறது என்றார். கண்ணில் கோபம் போதாது என்றார். இரண்டும் சரிதான். திருத்தினேன்.

முள்ளெலிக்கு நான் இவ்வளவு பாடுபடவில்லை. எனக்குத்தான் முள்ளெலியைத் தெரியுமே! நான் வளர்ந்தது வள்ளியூர்ப் பக்கம். அந்தச் செம்மண் காட்டில் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். உடம்பெல்லாம் ஊசி முள். கூர் மூக்கு மட்டும் வெளியே தெரியும். தெரிந்த ஒன்றை எதற்குத் தேடிப் பார்க்க வேண்டும் என்று, நினைவிலிருந்தே விறுவிறுவென வரைந்து முடித்தேன். உண்மையைச் சொன்னால், கோழியைவிட அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பலகைகளைச் செய்தித்தாள் சுற்றி, திருத்தம் வேண்டியிருந்தால் என்று என் வண்ணப்பெட்டியையும் சேர்த்து, ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம். மன்னியும் கூட வருவதாகச் சொல்லி, பையில் காபிப்பொடி, ஃபில்டர், ஒரு மாற்றுப் புடவை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். "ஒரு நாள் போய்ட்டு வரதுக்கு ஃபில்டர் எதுக்கு மன்னி?" என்றேன். "மலைன்னா மலைதான். ஜீப் நின்னு போனா நீ காபி போட்டுத் தருவியோ?" என்றார். பலகைகள் முன்னால் போக, எங்களுக்கு வித்துரா வரைக்கும் பஸ். அங்கிருந்து அதிகாரி அனுப்பிய ஜீப்.

தகவல் அறையில் எங்களை வரவேற்றவர் ஒரு பெண் வனக் காவலர். நாற்பது வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் லைன் வீடுகளில் பிறந்தவர். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று பழகி, ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். செய்தித்தாளை அவரே பிரித்தார். கோழி வெளிப்பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, அசலாயிட்டு இருக்கு டீச்சரே! இப்ப கூவிரும் போல."

இரண்டாவது பலகையைப் பிரித்தார். பார்த்தார். குனிந்து பார்த்தார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"டீச்சரே, இது எந்தா?"

"முள்ளெலி."

"ஏது முள்ளெலி?"

"முள்ளெலிதான். முள் இருக்கு பாருங்க."

"முள்ளு இருக்கு டீச்சரே. எலி எங்க?"

அதிகாரியும் வந்து பார்த்தார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பிறகு மெல்ல விளக்கினார். நான் வரைந்திருப்பது தமிழ்நாட்டுச் செம்மண் தரையில் வாழும் முள்ளெலி. பெயரில்தான் எலி, மற்றபடி அது எலி இனமே இல்லை. அது மரத்தில் ஏறாது, இந்த மலையிலும் கிடையாது. இங்குள்ளது வேறு. அது நிஜமான எலி. மரப்பொந்தில் வசிக்கும், மிளகு தின்னும், ராத்திரியில் மட்டும் நடமாடும். ரெண்டுக்கும் ஒரே பெயர் வந்தது யார் தப்பும் இல்லை என்று எனக்காகச் சேர்த்துக்கொண்டார்.

என் காது இரண்டும் சுட்டன. பள்ளியில் எத்தனை பிள்ளைகளிடம் "பார்த்து வரை, நினைச்சு வரையாதே" என்று சொல்லியிருப்பேன்! அந்த நேரம் பார்த்து மன்னி சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒருத்தருக்கும் தெரியாத பிராணியைக் காட்டித் தாடின்னா, ஊரிலேயே இல்லாத பிராணியைக் கொண்டு வந்துட்டியே!"

காவலர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அதிகாரியும் விட்டுவிட்டார். கடைசியில் நானும் சிரித்தேன். சிரித்த பிறகு மனசு லேசாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன்.

"பார்க்கறது கஷ்டம் டீச்சரே," என்று காவலர் தன் போனைக் காட்டினார். அவர் எடுத்த படத்தில் இருட்டு, இரண்டு பளபளக்கும் கண், ஒரு வால். "ஆனா நம்ம வீட்ல வந்து தங்குங்க. வீட்டுக்காரர் வேலைக்கு வித்துராவில நிக்கறார். ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. கிடைச்சா கிடைக்கட்டும்."

மன்னி தன் பையைத் தட்டிக் காட்டினார். "நான் சொன்னேனோல்லியோ, ஃபில்டர் வேணும்னு?"

அந்தப் பழைய முள்ளெலிப் பலகையை என்ன செய்வது என்ற கேள்வி எழவே இல்லை. அது பாவம், நம்ம ஊர்க்காரன்தானே என்று காவலர் அன்றே அதைத் தன் வீட்டு முன்னறையில் மாட்டிக்கொண்டார்.

லைன் வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது முதலில் கோழிதான். காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் செடிகள் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில், ஒரு கூவல். நாட்டுச்சேவல் கூவுவதுபோல நீட்டி முழக்காமல், வெட்டி வெட்டி, யாரையோ அதட்டுவதுபோல. சால்வையைப் போர்த்திக்கொண்டு போய் நின்றோம். அது செடிகளுக்குள்ளிருந்து பாதைக்கு வந்தது. எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. பாதையின் நடுவில் நின்று இறக்கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதே அதட்டல் இன்னொரு தடவை.

ஆற்றங்கரைச் சேவலை வைத்து நான் வரைந்தது எவ்வளவு தப்பு என்று அங்கேதான் புரிந்தது. நான் வாலைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். இது வாலைத் தாழ்த்தி, எந்த நொடியும் புதருக்குள் பாயத் தயாராக நின்றது. உடம்பு சாம்பல் நிறம். கழுத்திலிருந்து தொங்கும் கரும் இறகுகளில் மஞ்சள் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்ததுபோலப் புள்ளிகள். வெயில் பட்டதும் அவை ஒவ்வொன்றாக மினுங்கின. மஞ்சளும் வெள்ளையும் எந்த அளவில் கலந்தால் அந்த மினுக்கம் வரும் என்று நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மன்னி ஒரு குறையும் கண்டுபிடிக்காதது அன்றைக்குத்தான்.

கோழியைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஏதாவது இருந்தது. லைனில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை. முன்னொரு காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்த கதை, குழம்பின் ருசி, பிடிபட்டு அபராதம் கட்டிய மாமா. இப்போது யாரும் தொடுவதில்லை என்றார்கள். சொல்லும்போது சிலர் கண்ணில் அந்தக் குழம்பின் ஞாபகம் தெரிந்தது. முள்ளெலியைப் பற்றிக் கேட்டால் "மிளகு தின்னும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கோழியை மனிதன் வேட்டையாடினான். ஆசைப்பட்டதால் அதைப் பாதுகாக்கவும் தோன்றியது. முள்ளெலியை யாரும் துரத்தவில்லை. பொந்துள்ள பழைய மரங்களை வெட்டினார்கள், அவ்வளவுதான். அது சத்தமில்லாமல் குறைந்துபோனது.

காவலர் எங்களை ஒரு பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலே உயரத்தில் ஒரு பொந்து. அடிமரத்தில் மிளகுக் கொடி. கீழே, தின்றுவிட்டுத் துப்பிய மிளகுத் தோல்.

"ராத்திரி மேல இருந்து தின்னும்போது பாதி கீழ விழும் டீச்சரே. காலையில கோழி வந்து பொறுக்கும். ஒண்ணை ஒண்ணு கண்டிருக்கவே செய்யாது. ஆனா ஒரே மரம்."

எனக்குச் சட்டென்று படம் கிடைத்துவிட்டது. தனித்தனியாக இரண்டு பலகை எதற்கு? ஒரே மரம். மேலே எலி, கீழே கோழி. ஆனால் எலியைத்தான் இன்னும் பார்த்தபாடில்லை. முதல் நாள் ராத்திரி டார்ச்சோடு பொந்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். இரண்டாம் நாளும் அப்படியே. திரும்பிவிடலாமா என்று யோசித்தபடி படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை, மன்னி இரண்டாவது டிக்காஷனை இறக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு குரல் கேட்டது. கீழே ஓடைக்கரையில் கூந்தல்பனையில் கள் இறக்குகிறவர். இரண்டு கையாலும் ஒரு மண்பானையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல அடிமேல் அடி வைத்து வந்தார்.

"எலியைத் தேடி நிக்கற டீச்சர் இங்கதானே? ஆள் வந்திருக்கு."

பானைக்குள் எட்டிப் பார்த்தோம். அடியில் விரலளவு கள். அதில் பாதி நனைந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முன்னங்கால் இரண்டையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஒரு செம்பழுப்பு நிற எலி தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு ஏறி இறங்கியது. நல்ல கள் வாசனை.

"செத்துப் போச்சோ?" என்றார் மன்னி.

"சாகலை அம்மா. முங்கிக் குடிச்சிருக்கு," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சில நாள் செத்தும் கிடக்கும். எடுத்து எறிஞ்சிட்டுப் போவேன். நீங்க தேடுறதைக் கேட்ட பெறகு இன்னைக்கு எறியத் தோணலை," என்றார்.

காவலர் அதிகாரிக்குப் போன் செய்தார். நிழலில் வைத்து உலர விடுங்கள், தீனி எதுவும் கொடுக்க வேண்டாம், விழித்ததும் அந்தப் பொந்து மரத்திலேயே விட்டுவிடுங்கள் என்றாராம். எலியை எதில் வைப்பது என்று நாங்கள் சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் மன்னி தன் துவாலையைக் கொண்டு வந்து நான்காக மடித்துத் திண்டுபோல வைத்துவிட்டார். கரமனையில் ஓர் எலி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே கூச்சல் போட்டுத் தெருவையே கூட்டுகிறவர் அவர்.

நான் வரைந்தேன். அரை மணி நேரம். இப்படி ஒரு மாடல் எந்த ஓவியருக்கும் கிடைத்திருக்காது. அசையவே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. முதலில் வெறும் மென்மயிர்தான் தெரிந்தது. நனைந்து பிரிந்த இடங்களில்தான் முள் தென்பட்டது. ஊசி முள் இல்லை. தட்டையாக, நுனி வெளுத்து, முதுகோடு படிந்து கிடந்தது. காவலர் அதன் தலையிலிருந்து வால் பக்கமாக விரலை ஓட்டினார், பட்டுபோல இருக்கிறதாம். வயிறு வெள்ளை. பாதங்கள் இளஞ்சிவப்பு. வால்தான் விசேஷம். அடியில் மெலிந்து தொடங்கி நுனிக்குப் போகப் போக அடர்ந்து, கடைசியில் வெள்ளைக் குஞ்சமாக முடிந்தது. என் பெட்டியில் இருக்கும் பெரிய தூரிகையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூரிகை தோற்றது.

கோழிக்கு அழகெல்லாம் கழுத்தில், எலிக்கு வாலில். கோழி தன் அழகை நடுப்பாதையில் வந்து காட்டுகிறது. எலிக்குத் தன்னிடம் இப்படி ஒரு வால் இருப்பது தெரியுமா என்பதே சந்தேகம்.

திடீரென்று அது தும்மியது. நாங்கள் நால்வரும் பின்வாங்கினோம். எழுந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்து, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"மெதுவா எழுந்துக்கோ. தலை சுத்தும்," என்றார் மன்னி, தன் அண்ணன் பிள்ளையிடம் சொல்வதுபோல.

துவாலையோடு மரத்தடிக்குக் கொண்டு போனோம். கள் இறக்குகிறவர் எலியை உள்ளங்கையில் ஏந்தி அடிமரத்தோடு கையை வைத்துக் கொடுத்தார். அது பட்டையைப் பற்றியது. இரண்டடி ஏறி நின்றது. ஓரடி வழுக்கியது. மன்னி என் கையைப் பிடித்து நெரித்தார். பிறகு அதற்குத் தெளிந்திருக்க வேண்டும், வளைந்து வளைந்து விறுவிறுவென ஏறிப் பொந்துக்குள் புகுந்தது. கடைசியாக உள்ளே போனது அந்த வெள்ளைக் குஞ்சம். எங்களையறியாமல் கை தட்டினோம். கள் இறக்குகிறவர் தட்டவில்லை. பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றவர், காவலரிடம் கேட்டார்.

"கொசுவலை இருந்தா பானை வாய்ல கட்டலாம் அல்லே? கள்ளு உள்ள எறங்கும். இவன் எறங்க மாட்டான்."

அன்று சாயங்காலமே அவர் தன் பானைகளுக்கு வலை கட்டினார். அந்த ஓடைக்கரையில் இன்னும் இரண்டு பேர் கள் இறக்குகிறார்கள். அவர்களிடமும் போய்ப் பேசி, அவர்களையும் கட்ட வைத்தார். இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. காவலர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நான் தகவல் அறையிலேயே தங்காத குறையாக உட்கார்ந்து நான்கு நாளில் புதிய படத்தை முடித்தேன். அதிகாரி தருவித்த இரண்டு புதுப் பலகைகளைச் சேர்த்து ஒரே மரம். மேல்கிளையில் வாலைத் தொங்கவிட்டு மிளகு தின்னும் எலி. வேரடியில் வாலைத் தாழ்த்தி நிற்கும் சேவல். மேலே இரவு, கீழே விடியல். நடுமரத்தில் இரண்டு வெளிச்சமும் கலக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

திறப்பு விழாவுக்குத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், வழியில் போன சுற்றுலாக்காரர்களும் நின்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் படத்தின் முன்னால் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"நம்ம மிளகைத் தின்னுறவன் இவனா? இத்தன அழகா இருப்பான்னு எனக்குத் தெரியாம போச்சே டீச்சரே. இவ்ளோ வருஷம் இவனைத் திட்டியிருக்கேன்."

கள் இறக்குகிறவர் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். தன் மனைவியைப் படத்துக்கு நேராக நிறுத்தி, எலியின் முகத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்கு யாரோ தேநீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். டம்ளரோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றேன். படத்தின் முன்னால் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது. நடுவில் மன்னி. நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னபோது எலி துவாலையில் தூங்கியது. இப்போது அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"முள்ளு குத்தலையா மாமி?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கேட்டாள்.

"துளிக்கூடக் குத்தலை. பட்டு மாதிரி இருந்தது," என்றார் மன்னி. "தலைலேர்ந்து வாலுக்குத் தடவணும். அதான் சூட்சுமம். குடிச்சிருந்துதுன்னு தப்பா நெனச்சுக்காதீங்கோ. அதுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அன்னிக்குத்தான் கால் தவறி விழுந்துடுத்து."

நான் தேநீரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தத் தோன்றவில்லை.